மாரியோ பாவுசா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாரியோ பாவுசாவின் இசைத்தட்டுகளை யாருக்குப் போட்டுக் காட்டினாலும், முதலில் அவர்களுடைய கால் தாளம் போடத் தொடங்குகிறது. பிறகு கேள்விகள் வருகின்றன. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் அரைகுறையாகப் பதில் சொல்வதை விட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை நண்பர்கள் கேட்ட விதத்திலேயே தந்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

மாரியோ பாவுசா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கியூபாவின் ஹவானா நகரில் 1911 ஏப்ரல் 28 அன்று பிறந்து, நியூயார்க்கில் 1993 ஜூலை 11 அன்று மறைந்த ட்ரம்பெட் கலைஞர். கிளாரினெட்டும் சாக்சபோனும் வாசிப்பார், இசையமைப்பார், குழுவை நடத்துவார். 1930களில் சிக் வெப், கேப் கேலொவே போன்ற கறுப்பின அமெரிக்கர்களின் பெரிய ஜாஸ் குழுக்களில் வாசித்தார். 1941 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ‘மச்சீத்தோவும் ஆஃப்ரோ-கியூபன்ஸும்’ என்ற குழுவின் இசை இயக்குநராக இருந்தார்.

இன்று உலகம் லத்தீன் ஜாஸ் என்று அழைக்கும் இசைக்கு ஒரு குழுவையும், ஒலிக்கும் முறையையும், தொடர்ந்து வாசிக்க ஒரு மேடையையும் உருவாக்கியவர் இவர். இவ்வளவு செய்தவரின் பெயர் இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

லத்தீன் ஜாஸ் என்றால் என்ன? ஜாஸோடு கொங்கா சேர்த்தால் போதுமா?

போதாது. ஜாஸில் டிரம்ஸ் கலைஞர் ஒருவரே தாளத்தைத் தாங்குவார். பேஸ் என்ற கீழ்ஸ்தாயி வாத்தியத்தை வாசிப்பவர் நான்கு அடிகளுக்கும் ஒவ்வொரு சுரமாக நடந்து போவார். கியூப இசையில் தாளம் பலர் கையில் இருக்கிறது. கொங்கா (கையால் தட்டும் உயரமான முழவு), போங்கோ (இரட்டைச் சிறு முழவு), டிம்பாலிஸ் (குச்சியால் அடிக்கும் உலோக முழவுகள்), மராக்காஸ் (குலுக்கி ஒலிக்கும் கிலுகிலுப்பை) ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொற்கட்டு. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். பேஸ் பல சமயம் முதல் அடியில் விழவே விழாது. அதற்குச் சற்று முன்னதாகவே அடுத்த சுரத்தை வாசித்துவிட்டுக் காத்திருக்கும். இந்த இசை கேட்பவரை முன்னால் தள்ளுவது போல் இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். பியானோவும் ஒரு சின்ன உருவை மாற்றாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும்.

இந்தத் தாள அமைப்பை முழுதாக வைத்துக்கொண்டு, மேலே ட்ரம்பெட், சாக்சபோன் வரிசைகள் ஜாஸின் சுரச்சேர்க்கையோடும் மனோதர்மத்தோடும் வாசித்தால் அது லத்தீன் ஜாஸ். கீழே இருப்பதும் மேலே இருப்பதும் இரண்டுமே முழுமையாக இருக்க வேண்டும். பாவுசா வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது இதைத்தான்.

கொங்காவும் போங்கோவும் தமிழ் காதுக்குப் புதியவை அல்ல. பழைய திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் போங்கோவின் ஒலி தெரியும். ஆனால் அங்கே அது நம் தாளத்துக்கு வாசிக்கப்படுகிறது. இங்கே அது தன் சொந்த இலக்கணத்தோடு வருகிறது.

கிளாவே, கிளாவே என்கிறீர்களே, அது வாத்தியமா தாளமா?

இரண்டும். விரல் தடிமனில் இரண்டு மரத்துண்டுகள். ஒன்றை மற்றொன்றின் மேல் தட்டினால் கூர்மையான ஒலி வரும். அந்தக் கட்டைகளுக்கும் கிளாவே என்று பெயர், அவற்றில் தட்டப்படும் ஐந்து தட்டுகளுக்கும் அதே பெயர்.

கைதட்டிப் பார்த்துவிடுங்கள். ஒன்று முதல் பதினாறு வரை சீராக எண்ணிக்கொண்டு 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் தட்டுங்கள். இடைவெளிகள் 3, 3, 4, 2, 4 என்று வரும். முதல் பாதியில் மூன்று தட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு. முதல் பாதி இழுக்கும், இரண்டாம் பாதி அமரும். பாட்டின் போக்குக்கு ஏற்ப இரண்டு முதலிலும் மூன்று பிறகும் வருவதுண்டு. ஆனால் தொடங்கிய பிறகு நடுவில் புரட்டக் கூடாது.

கர்நாடகக் கச்சேரியில் பாடகர் எடுப்பைத் தவறவிட்டால் மிருதங்கக்காரரின் முகம் மாறுமே, அதே போலத்தான் இங்கும். யாரும் கட்டையைத் தட்டாவிட்டாலும் கிளாவே ஓடிக்கொண்டே இருக்கிறது. ட்ரம்பெட் வரிசையின் ஒரு சொற்றொடர் அதற்கு எதிர்ப்பக்கம் விழுந்தால் கியூபக் கலைஞர் அனைவருக்கும் அது உறுத்தும். அமெரிக்க ஜாஸ் கலைஞர்களுக்கு இது தெரியாது. கியூபத் தாளக்காரர்களுக்கு ஜாஸின் சுரச்சேர்க்கை தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். பாவுசாவின் கதை முழுவதையும் இந்த ஒரு தேவையிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஹவானாவில் நல்ல நிலையில்தானே இருந்தார், எதற்காக நியூயார்க் போனார்?

ஹவானாவின் காயோ வேசோ பகுதியில் வளர்ந்தவர். இசை ஆசிரியரான ஞானத்தந்தையின் வீட்டில் சுரம் படிக்கக் கற்று, இளம் வயதிலேயே ஹவானா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தார். 1926இல், பதினைந்து வயதில், அந்தோனியோ மரியா ரொமேயுவின் நடன இசைக்குழுவோடு ஒலிப்பதிவுக்காக நியூயார்க் போனார்.

அந்தப் பயணம் இரண்டு விதத்தில் அவரை அசைத்தது. ஒன்று, அமெரிக்காவின் பிரபல குழுத்தலைவர் பால் வைட்மனின் குழு வாசித்ததைக் கேட்டார். சாக்சபோன் மேல் ஆசை வந்தது. மற்றொன்று ஹார்லெம். கறுப்பின மக்கள் தங்களுக்கென்று கடைகளும் அரங்குகளும் இசைக்குழுக்களும் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்த ஒரு பகுதியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஹவானாவில் அவர் எவ்வளவு தேர்ந்த கலைஞராக இருந்தாலும் தோலின் நிறம் அவருக்கு ஓர் எல்லை வகுத்திருந்தது. ‘நல்ல நிலை’ என்று நாம் சொல்வது அந்த எல்லைக்குள்தான். 1930இல் நிரந்தரமாகவே நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார்.

கிளாரினெட் வாசித்தவர் பதினைந்தே நாளில் ட்ரம்பெட் கற்றுக்கொண்டார் என்பதை நம்பலாமா?

அவரே பலமுறை சொன்ன கதை அது. 1930இல் டான் அஸ்பியாசுவின் குழு நியூயார்க்கில் பெரும் பரபரப்பை உண்டாக்கியிருந்தது. அதன் பாடகர் அந்தோனியோ மச்சீன் தனியே நால்வர் குழு ஒன்றைத் தொடங்கினார். ஒலிப்பதிவுக்கு ஒப்பந்தம் ஆகியிருந்தது, ஆனால் ட்ரம்பெட்காரர் கியூபா திரும்பிவிட்டார். நியூயார்க்கில் கியூபப் பாணியில் ட்ரம்பெட் வாசிக்க ஆள் கிடைப்பது அப்போது அரிது. எனக்கு ஒரு ட்ரம்பெட் வாங்கிக் கொடுங்கள், நான் வாசிக்கிறேன் என்றார் பாவுசா. இரண்டு வாரத்தில் தயாராகி ஒலிப்பதிவுக்கும் போனார்.

நாளை எண்ணிச் சண்டை போடத் தேவையில்லை. ட்ரம்பெட்டில் உதட்டுப் பிடிமானம் வர மாதக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. ஆனால் அவருக்கு சுர ஞானமும் மூச்சுப் பயிற்சியும் முன்பே இருந்தன. மச்சீன் குழுவின் பாடல்களில் ட்ரம்பெட்டுக்கு வரும் வரிகளும் பாடலின் இடையிடையே வரும் சிறு பதில்கள்தாம். பதினைந்து நாளில் அந்த அளவுக்கு வாசிக்க ஓர் அசாத்தியமான மாணவரால் முடியும். ஹார்லெமின் மிகக் கடினமான நடனக் குழுவில் முதல் ட்ரம்பெட்டாக, அதாவது வரிசையை வழிநடத்துபவராக, உட்காரும் தகுதி அதற்குப் பிந்தைய உழைப்பில் வந்தது.

சிக் வெப் குழுவில் என்ன செய்தார்?

ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கு இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடிய அரங்கு அது. அந்தக் கால அமெரிக்காவில் அபூர்வம். அங்கே அரசர் சிக் வெப். முதுகெலும்புக் காசநோயால் உடல் வளைந்து, குள்ளமாகிப்போன டிரம்ஸ் கலைஞர். அவர் வாசிப்பை எட்டிப் பிடிக்க யாராலும் முடியவில்லை. 1933இல் பாவுசா அவரிடம் சேர்ந்தார், விரைவில் இசை இயக்குநரும் ஆனார். 1938 வரை அங்கே இருந்தார்.

இயக்குநர் ஆவதற்கு முன் மாணவராக இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒத்திகை முடிந்து மற்றவர்கள் போன பிறகு வெப் இவரை நிறுத்தி வைத்து, ஒரு சொற்றொடரை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் எங்கே தள்ளிப் போடுவார்கள், எங்கே விழுங்குவார்கள் என்று பாடிக் காட்டுவாராம். ஹவானாவில் எழுதிய சுரத்தை எழுதியபடியே வாசிக்கப் பழகியவருக்கு இது வேறொரு மொழி.

1937 மே 11 அன்று பென்னி குட்மன் தன் குழுவோடு சவாய்க்கு வந்து வெப்போடு போட்டியிட்டார். குட்மன் அப்போது நாடெங்கும் கொண்டாடப்பட்டவர். அன்றிரவு வென்றது வெப் என்பதே பரவலான தீர்ப்பு. அந்த வெற்றியில் ட்ரம்பெட் வரிசையில் இருந்தவர் பாவுசா.

எலா ஃபிட்ஸ்ஜெரால்டைக் கண்டுபிடித்தது இவர்தானா?

தனி ஒருவராக இல்லை. 1934 நவம்பர் 21 அன்று அப்போலோ அரங்கின் புதியவர்களுக்கான போட்டியில் எலா வென்றார். அப்போது அவருக்குப் பதினேழு வயது; தங்க இடமில்லை, உடுத்த நல்ல உடை இல்லை. சிக் வெப் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார். அவரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று வெப்பிடம் வற்புறுத்தியவர்கள் பலர். குழுவின் பாடகர் சார்லஸ் லிண்டன், மேடையில் குழுவை முன்நின்று நடத்திய பார்டு அலி ஆகியோரின் பெயர்களும் வருகின்றன. பாவுசாவும் அவர்களில் ஒருவர். இசை இயக்குநர் என்பதால் அவருடைய சொல்லுக்கு எடை இருந்திருக்கும். 1935இல் எலா குழுவில் பாடத் தொடங்கினார். பெருமையைப் பங்கிட்டுக் கொடுப்பதே நேர்மை.

டிஸ்ஸி கில்லெஸ்பிக்காக உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னாராமே?

ஆம், இது இரண்டு பேருமே பின்னாளில் மகிழ்ச்சியோடு சொன்ன கதை. 1939இல் பாவுசா கேப் கேலொவேயின் குழுவில் இருந்தார். அந்தக் காலத்தில் கறுப்பினக் கலைஞர்களுக்கு அதை விட நல்ல சம்பளம் தந்த குழுக்கள் மிகக் குறைவு. டிஸ்ஸி அப்போது வேலை தேடிக்கொண்டிருந்த இளம் ட்ரம்பெட் கலைஞர். பாவுசா ஒருநாள் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தன் இடத்தில் வாசிக்க டிஸ்ஸியை அனுப்பினார். வாசிப்பைக் கேட்ட பிறகு வேலை கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ட்ரம்பெட் வரிசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். பயணங்களில், இடைவேளைகளில், கியூபத் தாளம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை பாவுசா டிஸ்ஸிக்குச் சொல்லிக் கொடுத்தார். 1940இல் கேலொவே குழுவுக்காக டிஸ்ஸி எழுதிய ‘பிக்கின் த கேபேஜ்’ என்ற படைப்பின் பேஸ் வரியைக் கேளுங்கள், அந்தப் பாடம் உள்ளே இறங்கியிருப்பது தெரியும். டிஸ்ஸி வாழ்நாள் முழுவதும் இதைத் தன் கல்வியாகவே சொல்லி வந்தார்.

மச்சீத்தோ யார்? இவருக்கு என்ன உறவு?

மச்சீத்தோவின் இயற்பெயர் ஃபிராங்க் கிரிஜோ. பாடகர், மராக்காஸ் வாசிப்பார். பாவுசாவின் மனைவி எஸ்தெலா மச்சீத்தோவின் சகோதரி. ஆகவே மைத்துனர்கள். ஹவானாவிலிருந்தே நண்பர்களும் கூட. மச்சீத்தோ 1937இல் நியூயார்க் வந்து, 1940இல் குழுவைத் தொடங்கினார். பாவுசா 1941இல் கேலொவேயை விட்டு விலகி இங்கே வந்தார். நல்ல சம்பளத்தை உதறிவிட்டு வந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

1943இல் மச்சீத்தோ ராணுவத்துக்கு அழைக்கப்பட்டபோது, அவரோடு ஒரே வீட்டில் சகோதரியாக வளர்ந்த கிராசியேலா ஹவானாவிலிருந்து வரவழைக்கப்பட்டார். ஹவானாவின் பெண்கள் இசைக்குழுவான அனகாவோனாவில் பாடியவர். மச்சீத்தோ திரும்பி வந்த பிறகும் கிராசியேலா தொடர்ந்தார். இரண்டு பாடகர்களும் ஓர் இயக்குநரும் குடும்பமாகவே இருந்த குழு இது.

அப்படியென்றால் குழு யாருடையது? பெயர் மச்சீத்தோவுடையது, வேலை பாவுசாவுடையதா?

மேடையில் முன்னால் நின்றவர் மச்சீத்தோ. மக்கள் வந்தது அவர் குரலுக்கும் சிரிப்புக்கும். யாரைச் சேர்ப்பது, யார் எழுதுவது, எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் பாவுசா. இருவரில் ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

பாவுசா எடுத்த முடிவுகளில் ஒன்றைச் சொல்கிறேன், அவர் மூளை எப்படி வேலை செய்தது என்று புரியும். அன்றைய நியூயார்க்கின் லத்தீன் குழுக்களில் ட்ரம்பெட், சாக்சபோன் வரிசைகள் மெலிந்து ஒலித்தன. ஹார்லெம் குழுக்களின் கனத்த ஒலி வேண்டும் என்று விரும்பினார். அதனால் கேலொவே குழுவுக்கு எழுதிய ஜான் பார்ட்டியை அழைத்து ஊதுகருவிகளுக்கு எழுதச் சொன்னார். தாளப் பகுதியிலோ கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் வேர் கொண்ட கலைஞர்கள்: கொங்காவுக்கு கார்லோஸ் விடால், போங்கோவுக்கு ஹோசே மங்குவால், டிம்பாலிஸுக்கு உபால்டோ நியெத்தோ. பின்னாளில் பியானோவுக்கும் எழுதுவதற்கும் ரெனே எர்னாண்டெஸ் வந்தார். எந்தப் பக்கத்துக்கும் நீர் கலக்காத சேர்க்கை அது.

குழுவின் பெயரில் ‘ஆஃப்ரோ’ எதற்கு?

பாவுசா வேண்டுமென்றே வைத்தது. அன்றைய லத்தீன் குழுக்கள் வெள்ளை நிறத்தவரையோ வெளிர்நிறத்தவரையோ முன்னிறுத்தி, பெரிய ஓட்டல்களில் ரும்பா என்ற பெயரில் மெல்லிய கியூப நடன இசை வாசித்துப் பிழைத்தன. கியூப இசையின் ஆப்பிரிக்க வேரைச் சொல்வது அந்தஸ்துக் குறைவு என்று நினைத்த கியூபர்களே இருந்தார்கள். அந்தச் சூழலில் குழுவின் பெயர்ப்பலகையிலேயே ஆப்பிரிக்காவை எழுதினார். கேட்பவர்கள் எங்கிருந்து வந்தோம் என்பதைத் தெரிந்துகொண்டே ஆடட்டும் என்பது அவர் எண்ணம். அவர் செய்த துணிச்சலான காரியங்களில் முதலிடம் இதற்குத்தான் தருவேன்.

‘தாங்கா’ உண்மையிலேயே முதல் லத்தீன் ஜாஸ் படைப்பா? அதற்கு முன் எதுவும் இல்லையா?

இருந்தது. கரீபியத் தாளம் ஜாஸுக்குள் நியூ ஆர்லியன்ஸ் காலத்திலேயே நுழைந்துவிட்டது. அந்தக் காலத்து ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் அதை ஜாஸுக்கு இன்றியமையாத ஸ்பானியச் சாயல் என்று சொன்னார். டபிள்யூ.சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாடலின் ஒரு பகுதி கியூபாவின் ஹபனேரா என்ற நடனத் தாளத்தில் இருக்கிறது. ஜாஸ் குழுத்தலைவர் டியூக் எலிங்டனின் குழுவில் போர்ட்டோ ரிக்கோக்காரரான ஹுவான் திசோல் எழுதிய ‘கேரவன்’ 1936இல் வந்தது.

‘தாங்கா’ வேறுபடும் இடம் இதுதான்: கிளாவேயை அடித்தளமாக வைத்து, அதன் மேல் ஜாஸ் மனோதர்மம் முழு வீச்சில் நடக்கும்படி அமைந்தது. 1943 மே மாதம் ஒரு நாள், மேடையில் இரண்டு உருப்படிகளுக்கு இடையே பியானோ கலைஞர் லூயிஸ் வரோனாவும் பேஸ் கலைஞர் ஹூலியோ அந்தினோவும் சும்மா ஒரு சின்ன உருவை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாவுசா காதில் அது தைத்தது. மறுநாள் ஒத்திகையில் அதையே வாசிக்கச் சொல்லி, சாக்சபோன்களுக்கு ஒரு சொற்றொடர், ட்ரம்பெட்டுகளுக்கு ஒரு சொற்றொடர் என்று ஒவ்வொரு வரிசைக்கும் வாயால் பாடிக் காட்டினார். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினார். காகிதத்தில் எழுதாமலே படைப்பு எழுந்து நின்றது. பிறகு அது குழுவின் அடையாள இசையானது. ஒலிப்பதிவு 1940களின் இறுதியில்தான் நடந்தது.

ஆகவே ‘முதல்’ என்று சொல்லும்போது, கிளாவேயின் மேல் முழுமையாக நிற்கும் முதல் ஜாஸ் படைப்பு என்று சேர்த்துச் சொல்லுங்கள். இசை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்றுக்கொள்வது அந்தப் பொருளில்தான்.

லத்தீன் ஜாஸைத் தொடங்கியது டிஸ்ஸியும் சானோ போசோவும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். எது சரி?

அவர்கள் 1947இல் செய்ததும் மகத்தானது. டிஸ்ஸி தன் பெரிய குழுவுக்குக் கொங்கா வாசிக்க ஆள் தேடினார். யாரிடம் கேட்டார் தெரியுமா? பாவுசாவிடம். ஹவானாவிலிருந்து புதிதாக வந்திருந்த கொங்கா கலைஞர் சானோ போசோவிடம் அழைத்துப் போனவர் அவர். 1947 செப்டம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் போசோ டிஸ்ஸி குழுவோடு வாசித்தார்; அந்த டிசம்பரில் ‘மன்தேக்கா’ ஒலிப்பதிவானது. போசோவுக்கு ஆங்கிலம் வராது, டிஸ்ஸிக்கு ஸ்பானியம் வராது. மறு ஆண்டு டிசம்பர் 2 அன்று ஹார்லெமில் ஒரு மதுக்கூடத்தில் போசோ சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33.

பீபாப் என்ற, 1940களின் வேகமான புது ஜாஸைக் கேட்டவர்களிடம் இந்த இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது டிஸ்ஸிதான். ஆனால் ‘மன்தேக்கா’வின் நடுப்பகுதியில் இசை கியூபத் தாளத்தை விட்டு ஜாஸ் நடைக்கு வந்துவிடுவதைக் கவனியுங்கள். அவர் குழுவினர் ஜாஸ்காரர்கள், கியூபாவை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்கள். மச்சீத்தோ குழு அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, முன் கேள்வியில் சொன்ன ‘தாங்கா’விலிருந்து, இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டிருந்தது. இதில் போட்டி எதுவும் இல்லை. டிஸ்ஸிக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், தாளம் சொல்லிக் கொடுத்தவர், போசோவை அறிமுகம் செய்தவர் மூவரும் ஒருவரே என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சார்லி பார்க்கர் இந்தக் குழுவோடு வாசித்திருக்கிறாரா?

வாசித்திருக்கிறார். பீபாப்பின் பெரிய சாக்சபோன் கலைஞர் அவர். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் ஏற்பாடு செய்தார். 1948 டிசம்பரில் ‘மாங்கோ மங்கே’, பிறகு 1950 டிசம்பரில் கியூப இசையமைப்பாளர் சிக்கோ ஓஃபாரில் எழுதிய ‘ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் சூட்’. பின்னது பதினேழு நிமிடங்களை ஒட்டிய நீண்ட படைப்பு. பார்க்கரோடு சாக்சபோனில் ஃபிளிப் ஃபிலிப்ஸும் டிரம்ஸில் பட்டி ரிச்சும் உண்டு. ‘மாங்கோ மங்கே’யில் பார்க்கர் பறந்துகொண்டிருக்க, கீழே தாளக்காரர்கள் இம்மியும் அசையாமல் நிற்பதைக் கேட்பது பெரிய சுகம்.

அவர் வாசித்த பிரபலமான ட்ரம்பெட் சோலோ ஒன்றைச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் கேட்கப்படுகிறது. டிஸ்ஸிக்கு இருப்பது போல, லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இருப்பது போல, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சோலோவை, அதாவது தனி வாசிப்பை, பாவுசாவின் பெயரில் காட்ட முடியாது. அவர் முதல் ட்ரம்பெட் வாசித்தவர். பெரிய குழுவில் சோலோ வாசிப்பவர் ஒருவர், முதல் ட்ரம்பெட் வாசிப்பவர் வேறொருவர். முதல் ட்ரம்பெட்தான் மெட்டின் உச்சத்தைத் தாங்கும். ஒரு சுரத்தை எவ்வளவு நீட்டுவது, எங்கே வெட்டுவது, எவ்வளவு உரக்க வாசிப்பது என்பதையெல்லாம் மற்ற ட்ரம்பெட்டுகள், டிராம்போன்கள், ஏன் சாக்சபோன்கள் கூட அவரைப் பார்த்தே முடிவு செய்யும். அவர் தடுமாறினால் முழுக் குழுவும் தடுமாறும். அவர் சரியாக இருந்தால் கேட்பவர் அவரைத் தனியே கவனிக்கவே மாட்டார்.

இசைக் கலைஞரின் வாழ்க்கையைச் சோலோக்களால் அளக்கும் பழக்கம் நமக்கு ஆழமாக இருக்கிறது. பாவுசாவின் கலை இருப்பது குழு ஒன்றாக மூச்சு விடும் விதத்தில். மச்சீத்தோ குழுவின் எந்த ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு, பாடகரையும் சோலோவையும் விட்டுவிட்டு, பின்னால் ட்ரம்பெட் வரிசை குத்தும் சிறு சொற்றொடர்களை மட்டும் கேளுங்கள். அவை கிளாவேயின் மேல் எங்கே விழுகின்றன என்று மூன்றாம் கேள்வியில் சொன்னபடி கைதட்டிச் சரிபாருங்கள். பாவுசாவை அங்கே கேட்கலாம்.

பலேடியம் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

நியூயார்க்கில் பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த நடன அரங்கு. 1940களின் இறுதியில் லத்தீன் இசைக்கு மாறியது. மாம்போ என்ற கியூப நடன இசையின் மோகம் அங்கிருந்து பரவியது. மச்சீத்தோ, டிட்டோ புவென்தே, டிட்டோ ரோட்ரிகெஸ் ஆகிய மூவரின் குழுக்களும் அங்கே ஒன்றையொன்று விஞ்சப் பார்த்தன. புவென்தே இளம் வயதில் மச்சீத்தோ குழுவில் வாசித்தவர்தான். யூதர், இத்தாலியர், கறுப்பர், போர்ட்டோ ரிக்கோக்காரர் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். பேர்ட்லேண்ட் ஜாஸ் கிளப் மிக அருகில் இருந்ததால் ஜாஸ் கலைஞர்கள் இடைவேளையில் நடந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். 1966இல் அரங்கு மூடப்பட்டது.

மைத்துனர்கள் ஏன் பிரிந்தார்கள்?

1970களின் நடுவில் ஐரோப்பியப் பயண வாய்ப்பு வந்தது. குழுவைச் சிறிதாக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பாவுசா ஏற்கவில்லை. முழு ட்ரம்பெட், சாக்சபோன் வரிசை இல்லாமல் அந்த இசை இல்லை என்பது அவர் நிலைப்பாடு. அவர் விலகினார், கிராசியேலாவும் அவரோடு போனார். இருவரும் சேர்ந்து பின்னர் ஒலிப்பதிவுகள் செய்தார்கள்.

மச்சீத்தோவுக்கு அந்தப் பயணங்கள் புதிய ரசிகர்களைத் தந்தன. கிராமி விருதும் வந்தது. 1984இல் லண்டனில் காலமானார். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இருவர் பக்கமும் என்பேன். பாடகர் கேட்பவர்களைத் தேடிப் போனார், இயக்குநர் ஒலியைக் காப்பாற்ற நினைத்தார்.

எண்பது வயதில்தான் அவருக்குப் புகழ் வந்ததா?

கலைஞர்களிடையே எப்போதும் மதிப்பு இருந்தது. பொதுமக்களிடம் சொந்தப் பெயரில் அறியப்பட்டது அப்போதுதான். இடையில் நீண்ட ஆண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார். 1991இல் எண்பதாம் பிறந்தநாளை ஒட்டி நியூயார்க்கில் நடந்த கச்சேரிக்குப் பிறகு, மெசிடோர் என்ற ஜெர்மன் நிறுவனம் அவருடைய பெரிய குழுவை ஒலிப்பதிவு செய்ய முன்வந்தது. 1992இல் ‘தாங்கா’ தொகுப்பு வந்தது. ஒத்திகையில் வாயால் பாடிக் காட்டி உருவான அந்தப் படைப்பு, சிக்கோ ஓஃபாரிலின் கையால் ஐந்து பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பாக விரிந்திருந்தது. 1993இல் ‘மை டைம் இஸ் நவ்’. மூன்றாவது தொகுப்பான ‘944 கொலம்பஸ்’ அவர் மறைந்த பிறகு 1994இல் வெளியானது. அது அவர் மன்ஹாட்டனில் வாழ்ந்த வீட்டின் முகவரி.

டிஸ்ஸி 1993 ஜனவரியில் போனார், பாவுசா அதே ஆண்டு ஜூலையில் புற்றுநோயால்.

லத்தீன் ஜாஸ் என்ற பெயரே அவருக்குப் பிடிக்காது என்கிறார்களே?

ஆம். ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் என்றே சொல்ல வேண்டும் என்பார். சல்சா என்ற பெயரையும் ஏற்கவில்லை. பழைய கியூப இசைக்கு வியாபாரிகள் புதுச் சட்டை போட்டதாகவே நினைத்தார். குழுவின் பெயரைப் பற்றி மேலே சொன்ன காரணமே இதற்கும் பொருந்தும். ஆனால் பிரேசில் தாளங்களில் வாசிப்பவர்களையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுப்பெயர் தேவைப்படுகிறது. அதனால் நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன். இவரைப் பற்றிப் பேசும்போது அவர் விரும்பிய பெயரைச் சொல்வதே மரியாதை.

ஆர்துரோ சாண்டோவலும் கியூப ட்ரம்பெட் கலைஞர்தானே? அவருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

இடையில் இருப்பவர் டிஸ்ஸி. சாண்டோவல் 1949இல் அர்தெமிசாவில் பிறந்தவர், கியூபாவின் இரக்கேரே என்ற ஜாஸ் குழுவின் நிறுவனர்களில் ஒருவர். 1977இல் டிஸ்ஸி ஹவானா வந்தபோது நட்பு ஏற்பட்டது. 1990இல் டிஸ்ஸியோடு ஐரோப்பியப் பயணத்தில் இருந்தபோது அமெரிக்காவில் தஞ்சம் கோரினார். அவர் அசாத்தியமான சோலோ கலைஞர். உச்ச ஸ்தாயியில் அவர் தொடும் சுரங்கள் பாவுசா வாசித்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் டிஸ்ஸி கியூபாவை நேசித்ததற்குக் காரணம் கேலொவே குழுவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அந்த நேசம்தான் 1977இல் ஹவானாவில் சாண்டோவலைச் சந்தித்தது.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் 1992இன் ‘தாங்கா’ தொகுப்பு. ஒலிப்பதிவு தெளிவாக இருப்பதால் ஒவ்வொரு தாள வாத்தியமும் தனித்தனியே கேட்கும். பிறகு 1957இல் பதிவான மச்சீத்தோ குழுவின் ‘கென்யா’. கேனன்பால் ஆடர்லி சாக்சபோன் வாசிக்கிறார், ஊதுகருவிகளின் வீச்சு உச்சத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு 1948–50 பதிவுகளுக்குப் போங்கள். பழைய பதிவுகளில் பேஸ் மங்கலாகத்தான் கேட்கும். ஆனால் முதல் இரண்டில் காது பழகிய பிறகு அது எங்கே விழுகிறது என்று தானாகப் பிடிபட்டுவிடும்.

முதல் தடவை ஹெட்போன் வேண்டாம். பெரிய ஒலிபெருக்கியில், நின்றுகொண்டு கேளுங்கள். இது நடன அரங்குக்காக உண்டான இசை.